தீபாவளிக்கு நாயைத் தயார்செய்ய ஆடியிலேயே தொடங்க வேண்டும்

எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கிறது. செம்பி எங்களிடம் வந்த பிறகு வந்த முதல் தீபாவளியை அந்த ஒரு முழத்தில்தான் கழித்தாள். தெருவில் இருந்து எடுத்து வந்த நாய், அப்போது ஒன்றரை வயது. விடிகாலை நாலரைக்குத் தெருமுனையில் முதல் சரவெடியைக் கொளுத்தினார்கள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவள் பாய்ந்து குளியலறைக்குள் புகுந்து டிரம்முக்குப் பின்னால் உடம்பைத் திணித்துக்கொண்டாள். வாயில் எச்சில் நூலாக வழிந்தது. கண்ணில் வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பிடித்த கோழி ஈரலை மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் போலச் சுவரைப் பார்த்தாள். முதுகில் கை வைத்தேன். தோலுக்கு அடியில் நடுக்கம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரவு பதினொன்றரை வரை சிறுநீர் கழிக்கக்கூட வெளியே வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டது.

அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. இழுத்து வெளியே கொண்டுவரப் பார்த்தோம். "ஒண்ணுமில்ல, வா" என்று சங்கிலி போட்டு வாசல்வரை கூட்டிப்போய் மத்தாப்பைக் காட்டினோம். "எல்லாம் பழகிடும் தம்பி" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். பழகவில்லை. அடுத்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், தெருப் பிள்ளைகள் பிஜிலி வெடியைச் சரத்திலிருந்து உதிர்த்து ஒற்றை ஒற்றையாக வெடிக்க ஆரம்பித்த அன்றே அவள் குளியலறைக்குக் குடிபோய்விட்டாள். கார்த்திகைக்குள் குக்கர் விசிலுக்கும் பயம் வந்துவிட்டது.

நாய்க்கு வெடிப் பயம் என்றால் பெரும்பாலும் நாம் தீபாவளி அன்று காலையில்தான் யோசிக்கிறோம். அந்த நாள் நாயைப் பாதுகாக்கும் நாள், அவ்வளவுதான். பயத்தைக் குறைக்கும் வேலை அதற்கு மூன்று மாதம் முன்னால் நடக்க வேண்டியது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு தீபாவளி ஆனது. இன்னொருவருக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் காதுக்கு என்ன கேட்கிறது

மனிதக் காதுக்கு அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். "நாய்க்கு நாலு மடங்கு சத்தமாகக் கேட்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சரியான கணக்கு இல்லை. நாயின் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கிக் காட்டுவதில்லை. நமக்குக் கேட்காத மிகக் கூர்மையான ஒலிகள் அதற்குக் கேட்கின்றன, மெல்லிய ஒலிகளையும் பிடித்துக்கொள்கிறது. வெடி என்பது ஒரு கணத்தில் எல்லா அலைவரிசையிலும் சிதறும் சத்தம். அதில் நாம் கேட்பது ஒரு பகுதிதான். மீதியையும் சேர்த்துக் கேட்பது நாய்.

சத்தத்தின் அளவையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 1999-ல் வந்த விதிப்படி, வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. 125 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். நாம் வீட்டில் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60, 65. 'இரண்டு மடங்குதானே' என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி ஏறாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 65-க்கும் 125-க்கும் நடுவே இருப்பது பத்து லட்சம் மடங்கு. பசுமைப் பட்டாசு வாங்கினால் நாய்க்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் குறைக்கப் பார்த்தது முக்கியமாகப் புகையையும் நச்சுப்பொருளையும்தான். வெடிக்கிறது என்றால் அதுவும் வெடிதான்.

ஆனால் சத்தம் பெரியது என்பது மட்டும் காரணமில்லை. லாரி ஹாரனுக்கு நடுங்காத தெருநாய் ஒற்றை லட்சுமி வெடிக்கு ஓடுகிறது. லாரி வருவது தெரிகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்பதும் தெரிகிறது, விலகிக்கொள்ளலாம். வெடி எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று எதுவுமே தெரியாது. அடுக்குமாடி வீடுகள் நெருக்கமாக நிற்கும் தெருவில் ஒரு அணுகுண்டு வெடித்தால் சத்தம் நாலு சுவரிலும் மோதி நாலு திசையில் இருந்தும் வரும். ராக்கெட் வானத்தில் வெடிக்கும். ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே எதிர்ப்பக்கம் ஓட முடியும்? தெரியாதபோது ஓட்டத்துக்கு முடிவே இல்லை. தீபாவளி இரவில் நாய்கள் சுவர் ஏறிக் குதித்து, ஊரின் அந்தக் கோடிவரை ஓடிப்போய், திரும்பி வர வழி தெரியாமல் தொலைவது இதனால்தான்.

பழகாது, பயம் முற்றும்

மறுபடி மறுபடி கேட்டால் பழகிவிடும் என்பது சில சத்தங்களுக்கு உண்மை. மிக்ஸி ஓடும் வீட்டில் வளரும் குட்டி அதைச் சட்டை செய்யாது. பிறந்த மூன்றாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மூளை உலகத்தை 'இதெல்லாம் சாதாரணம்' என்று பதிவு செய்துகொள்ளும் காலம். அப்போது பல சத்தங்களை மெதுவாக, நல்ல அனுபவத்தோடு கேட்டு வளர்ந்த நாய்க்குப் பின்னால் கஷ்டம் குறைவு. ஆனால் ஏற்கெனவே பயந்துவிட்ட நாய்க்கு ஒவ்வொரு தீபாவளியும் பயத்துக்கு உரம். உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்றச் சுரப்புகள் ஏறுகின்றன, இதயம் அடித்துக்கொள்கிறது, அந்த நிலையில் மூளை ஒரே பாடத்தைத்தான் அழுத்தமாகப் படிக்கிறது: இது ஆபத்து. அடுத்த முறை இன்னும் சின்னச் சத்தத்துக்கே மணி அடித்துவிடும். பிறகு அது மற்றவற்றுக்கும் பரவும். வெடிக்கு முன்னால் வரும் பளீர் வெளிச்சம், கந்தக வாசனை, இடி, பலூன் உடைவது, கதவு அறைவது, எங்கள் வீட்டில் குக்கர் விசில்.

இது ஏதோ சில கோழை நாய்களின் பிரச்சினை இல்லை. ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றித் திரட்டி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நாய்களுக்கு இருக்கும் பதற்றங்களிலேயே அதிகமாகக் காணப்பட்டது சத்தத்தின் மேல் உள்ள பயம்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு நாய்க்கு அது இருந்தது. இனத்துக்கு இனம் அளவு மாறியது, அதாவது பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. விருதுநகர் மாவட்டத்திலேயே பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியும் வேட்டை நாய்க்குப் பேர்போன ராஜபாளையமும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. "ராஜபாளையம் நாய் வச்சிருக்கேன், வெடிக்குப் போய் நடுங்குதே" என்று வெட்கப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் துணிச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்றி கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு காரணத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது அது. வலி. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸ் பங்கேற்ற ஒரு குழு, சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை ஒப்பிட்டு 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பத்து நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது, பத்துக்கு இல்லை. வலி இருந்த நாய்களுக்குப் பயம் நன்றாக வயதான பிறகே தொடங்கியிருந்தது. சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது தசை இறுகுகிறது, வலிக்கிற மூட்டு இன்னும் வலிக்கிறது, நாய் அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆகவே ஆறேழு வயது வரை வெடிக்கு அசையாத நாய் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால், முதலில் அதன் இடுப்பையும் முழங்காலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொஞ்சினால் பயம் ஏறுமா?

ஏறாது. இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. "பயப்படும்போது தடவிக்கொடுக்காதீங்க, பயப்படறது நல்லதுன்னு நெனச்சுக்கும்" என்று நாய்ப் பயிற்சியாளர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்களும் அதை நம்பி ஒரு வருடம் செம்பியைக் குளியலறையில் தனியாக விட்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

உட்கார் என்றால் உட்காருவது ஒரு செயல். அதற்குத் தின்பண்டம் கொடுத்தால் மறுபடி செய்யும். பயம் செயல் இல்லை, உணர்ச்சி. இருட்டில் அலறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டால் அது அடுத்த நாள் அதிகமாகப் பயப்படுமா? உங்களிடம் ஒண்டிக்கொள்ள வந்தால் ஒண்டிக்கொள்ளட்டும். உள்ளங்கையை அழுத்தி வைத்து, கழுத்தில் இருந்து முதுகுவரை மெதுவாக இழுத்துத் தடவுங்கள். வழக்கமான குரலில் பேசுங்கள். நாமே பதறி "ஐயோ செல்லம், ஐயோ" என்று கீச்சிட்டால் அந்தப் பதற்றம் அதற்கும் தொற்றும், அவ்வளவுதான். தனியாக ஒளிந்துகொள்ள விரும்பும் நாயை வலுக்கட்டாயமாக மடியில் தூக்கி வைப்பதும் வேண்டாம். அருகே உட்கார்ந்திருந்தால் போதும்.

அடிப்பது, அதட்டுவது, 'பயம் தெளியட்டும்' என்று வெடிக்கிற இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்துவது மூன்றும் பயத்தோடு உங்கள் மேல் அவநம்பிக்கையையும் சேர்க்கும்.

ஆடியில் இருந்து ஐப்பசி வரை

சத்தத்தோடு ஒட்டிக்கொண்ட பயத்தைப் பிரித்து, அந்த இடத்தில் நல்ல அனுபவத்தை ஒட்டுவதுதான் பயிற்சி. செய்முறை எளிது, பொறுமைதான் கடினம். ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் தொடங்கினோம்.

வெடிச்சத்தப் பதிவுகள் யூடியூபில் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் செல்போனிலேயே ஓட்டாதீர்கள். போன் ஸ்பீக்கரில் அடிவயிற்றில் இறங்கும் அந்த 'தும்' வராது, நாய்க்கு அது வெடியாகவே படாது. சுமாரான ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கராவது வேண்டும். அதைக் கூடத்தில் வைத்துவிட்டு, செம்பியோடு படுக்கையறையில் உட்கார்ந்தேன். எனக்கே காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வைத்தேன். ஒரு வெடி கேட்டது. அவள் காது லேசாகத் திரும்பியது. உடனே வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. மறுபடி ஒரு வெடி, ஒரு துண்டு. ஐந்து நிமிடம்தான். பிறகு நிறுத்திவிட்டு வழக்கமான வேலை.

இதில் வரிசை மாறக் கூடாது. முதலில் சத்தம், அப்புறம் ஈரல். ஈரலை முதலில் காட்டிவிட்டுச் சத்தத்தைப் போட்டால், 'ஈரல் வந்தால் வெடி வரும்' என்று கற்றுக்கொண்டு ஈரலைக் கண்டே ஓட ஆரம்பிக்கும். ஒலியை எப்போது கூட்டலாம் என்பதையும் நாய்தான் சொல்லும். காது திரும்புகிறது, ஆனால் நிம்மதியாகத் தின்கிறது என்றால் அளவு சரி. தின்பதை நிறுத்திவிட்டது, நாக்கால் மூக்கை நக்குகிறது, தூக்கம் வராமலேயே கொட்டாவி விடுகிறது, வாலை மடக்குகிறது என்றால் நாம் அவசரப்பட்டுவிட்டோம். அன்றைக்கு அதோடு முடித்து, மறுநாள் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வெடி கேட்டதும் செம்பி ஸ்பீக்கர் இருந்த பக்கம் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். நான் அந்த ஒரு திரும்பலுக்குத்தான் காத்திருந்தேன். அதற்குப் பிறகு சரவெடி, ராக்கெட் விசில், அணுகுண்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்கினோம். ஒன்றுக்குத் தேறியது இன்னொன்றுக்குத் தானாக வராது. ஆவணியில் விநாயகர் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது, மேளம், ஆயிரம்வாலா எல்லாம். நாலு வாரத்து உழைப்பில் பாதி அன்று போனது. மறுபடி கீழிருந்து ஆரம்பித்தோம். நம் ஊரில் வேட்டுச் சத்தத்துக்குத் தீபாவளி மட்டும்தான் நாள் என்றில்லை. கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கிரிக்கெட் வெற்றி, சாவு ஊர்வலம், புத்தாண்டு நள்ளிரவு என்று வருடம் முழுக்க வரும். பயிற்சி நடக்கும் மாதங்களில் இப்படிச் சறுக்கல் வரத்தான் செய்யும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இதோடு கூடவே ஒரு பழைய ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டோம். சத்தமே இல்லாத நேரத்தில் அதை விரித்து, செம்பி அதன்மேல் படுத்து உடம்பைத் தளரவிட்டால் ஒரு துண்டு. தலையைத் தரையில் சாய்த்தால் இன்னொன்று. ஒரு மாதத்தில் அந்த ஜமுக்காளம் என்றாலே அவள் உடம்பு தளர ஆரம்பித்துவிட்டது. எங்கே விரித்தாலும் அந்த அமைதி கூட வந்தது.

இவற்றுக்கு உண்மையிலேயே பலன் உண்டா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டெஃபனி ரீமர், 1,225 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். வெடிக்கும் நேரத்திலேயே ஒவ்வொரு வெடிக்கும் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் இருந்தது என்றார்கள். உடம்பைத் தளரவிடும் பயிற்சிக்கும், டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் அதற்குச் சற்றே குறைந்த அளவில் பலன். உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு 44 சதவீதம். வாசனை எண்ணெய், மூலிகை, ஹோமியோபதி, பெரமோன் (நாயை அமைதிப்படுத்தும் என்று சொல்லப்படும் மணப்பொருள்) கருவி போன்றவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு பேர்தான் பலன் சொன்னார்கள். ஒன்றுமே இல்லாததைக் கொடுத்தாலும் அந்த அளவு 'பலன்' தெரியும். உரிமையாளர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான், ஆய்வகக் கணக்கு இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் செலவழித்து இணையத்தில் பாட்டில் வாங்கும் முன்னால் இந்த வரிசையை ஒருமுறை பாருங்கள். மேலே இருப்பது கால் கிலோ ஈரல்.

மருந்து

செம்பி அளவுக்குப் பயம் முற்றிய நாய்க்குப் பயிற்சி மட்டும் போதாது. மருந்து கொடுப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். நடுங்கிக்கொண்டிருக்கும் மூளை எதையும் புதிதாகக் கற்காது. மருந்து அந்த நடுக்கத்தைக் குறைத்தால்தான் ஈரலுக்கே வாய் திறக்கும்.

புரட்டாசியிலேயே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தீபாவளிக்கு முதல்நாள் மாலை ஓடினால் சரியான மருந்தைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. ட்ராசோடோன், காபாபென்டின், ஆல்ப்ரஸோலம் போன்றவற்றை மருத்துவர்கள் நாயின் எடை, வயது, இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்காவில் 2016-ல் இதற்கென்றே டெக்ஸ்மெடெடோமிடின் ஜெல் ஒன்று விற்பனைக்கு வந்தது, ஈறில் தடவுவது. எந்த மருந்தானாலும் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து, என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சில நாய்களுக்கு நேர்மாறாகப் பரபரப்பு கூடும். அன்றைய தினம் வெடி தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பயம் உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் பாதிப் பலன்கூட இருக்காது.

ஒரு மருந்தைப் பற்றி மட்டும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அசிப்ரோமசின். நாயை அசையாமல் படுக்க வைக்கும், பார்க்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது பயத்தைக் குறைப்பதில்லை. உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டு, ஓடவும் முடியாமல் கிடக்கும். வெடிப் பயத்துக்கு அதை மட்டும் கொடுப்பதை இன்றைய நிபுணர்கள் விரும்புவதில்லை. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ இருமல் மருந்தையோ கால் பங்கு, அரைப் பங்கு என்று நீங்களாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

அன்றைய தினம்

தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் நாட்டுக்கே இரவு 8 முதல் 10 என்று சொன்னது. விடிகாலையில் எண்ணெய்க் குளியலோடு வெடிப்பது இங்கே வழக்கம் என்று தமிழக அரசு கேட்ட பிறகு, அந்த இரண்டு மணி நேரத்தை அரசே தீர்மானிக்கலாம் என்று அனுமதித்தது. நடைமுறை உங்களுக்கே தெரியும். நாலு மணிக்கே தொடங்கும், இரவு பத்தரை தாண்டியும் போகும். நடுவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு ஓரளவு ஓய்ந்திருக்கும். நாயை வெளியே கூட்டிப்போக அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையை மட்டும் நம்ப வேண்டாம், பயந்த நாய் தலையைப் பின்னுக்கு இழுத்து உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துப் போடும் வார்ப்பட்டை நல்லது. பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும்.

சங்கிலியில் கட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் ஊரில் நிறைய நாய்கள் கேட்டுக்குப் பக்கத்திலோ மொட்டை மாடியிலோ கட்டித்தான் கிடக்கின்றன. தீபாவளி இரவில் மொட்டை மாடி என்பது ராக்கெட் வெடிக்கும் உயரத்துக்கு நாயை ஏற்றி வைப்பது. கட்டிய நாய் பதறி ஓடும்போது சங்கிலி கழுத்தை நெரிக்கும். சுவரைத் தாண்டிக் குதித்துத் தொங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அன்று ஒருநாளாவது வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

வீட்டிலேயே உள்ளடங்கிய, தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத அறை எதுவோ அதுதான் இடம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். சுவரும் சாத்திய கதவும் இன்னும் குறைக்கும். குளியலறையைத் தானே தேர்ந்தெடுத்தால் விட்டுவிடுங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது: சின்ன இடம், சுற்றிலும் சுவர், குளிர்ந்த தரை. பழைய போர்வையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் அங்கேயே வையுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். ஜன்னலுக்குக் கனமான போர்வை போட்டால் பளீர் வெளிச்சம் வராது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடட்டும், டிவியும் ஓடட்டும். துண்டால் மார்பைச் சுற்றிக் கட்டுவது சில நாய்களுக்கு உதவுகிறது, ஆனால் முன்பே ஒரு அமைதியான நாளில் கட்டிப் பாருங்கள். காதில் பஞ்சு திணிக்காதீர்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய் விடாமல் மூச்சிரைத்தால் உடம்புச் சூடு ஏறிவிடும், அதற்கு ஏசி இருந்தால் போடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மாலை ஆறுக்குள் வயிறு நிறையச் சோறு போட்டுவிடுங்கள். சத்தம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சின்னத் துண்டு, தின்னும்வரை. பலகாரத் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு விஷம், கேசரியில் கிடக்கும் நாலு திராட்சையும் இதில் சேரும். மறுநாள் காலை வாசலில் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசையும் மத்தாப்புக் கம்பியையும் நாய் வெளியே வரும் முன்னால் கூட்டி அள்ளிவிடுங்கள்.

வீடில்லாத நாய்கள்

இவ்வளவும் வீட்டு நாய்க்கு. தெருவில் பிறந்து தெருவிலேயே இருக்கும் நாய் எங்கே போகும்? அது தன் எல்லையைத் தாண்டி ஓடுகிறது, அடுத்த தெரு நாய்கள் கடிக்கின்றன, பிரதான சாலையில் வண்டியில் அடிபடுகிறது. மாடிப்படிக்கு அடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ அன்று ஒரு இரவு விட்டால் போதும், ஒரு சாக்கும் தண்ணீரும் வைத்தால் போதும். குடியிருப்புச் சங்கத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அன்றிரவு பேசினால் சண்டைதான் வரும். நாயின் வாலில் பட்டாசு கட்டுவதும் அதன்மேல் வெடியை வீசுவதும் 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் 1953-ல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் இருந்துதான் அது வளர்ந்தது. ஆகவே "பசங்க விளையாட்டு" என்று யாராவது சொன்னால் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மற்ற உயிருக்காக வெடியைத் தள்ளி வைப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகவே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஈரோடு வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றிய ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. முழுத் தெருவும் அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்களிடம் பேசினேன். இரண்டு வீட்டில், வெடியை எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தெருக்கோடி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் பேரனுக்குப் புஸ்வாணமும் சங்குச்சக்கரமும் மட்டும் வாங்கிக்கொடுத்தார். அதுவே செம்பிக்குப் பெரிய உபகாரம்.

போன தீபாவளி இரவு ஏழு மணிக்கு முதல் ராக்கெட் கிளம்பியதும் அவள் தானாக எழுந்து உள்ளறை ஜமுக்காளத்துக்குப் போனாள். மூச்சு வாங்கியது, ஆனால் ஈரல் தின்றாள். எட்டு மணிவாக்கில் பக்கத்துத் தெருவில் தொடர்ந்து அணுகுண்டு வெடித்தபோது தின்பதை நிறுத்திவிட்டு எழுந்து பழைய இடத்துக்கு, டிரம்முக்குப் பின்னால் போய்விட்டாள். நான் ஜமுக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய் அங்கே விரித்தேன். அரை மணி நேரம் கழித்து அதன்மேல் தலையைச் சாய்த்தாள். பத்தே முக்காலுக்கு ஓய்ந்ததும் வார்ப்பட்டை போட்டு வாசலுக்குக் கூட்டிப்போனேன். சிவப்புக் காகிதக் குவியலை நின்று நிதானமாக முகர்ந்தாள். ஓரமாகப் போய்ச் சிறுநீர் கழித்தாள். தூரத்தில் எங்கோ ஒரு ஒற்றை வெடி கேட்டது. காது திரும்பியது, அப்புறம் என் கையைப் பார்த்தாள்.